ஓலை அனுப்பும் கருவிழி: கண் ஒவ்வாமையும் ஒரு பெர்லின் விவாதமும்

1867இல் பெர்லினில் யூலியுஸ் கோன்ஹைம் என்ற இளம் மருத்துவ ஆய்வாளர் தவளைகளின் கருவிழியைப் புண்ணாக்கி, அதில் சீழ் கட்டுவதை நுண்ணோக்கியில் கவனித்துவந்தார். அந்தத் தவளைகளின் நிணநீர்ப் பைகளில் அனிலின் நீலச் சாயத்தை முன்கூட்டியே செலுத்தியிருந்தார். உடலில் உலவும் வெள்ளணுக்கள் சாயத் துகள்களை விழுங்கி, நீலப் பொட்டோடு திரியும். புண்பட்ட கருவிழியின் சீழணுக்களிலும் அந்த நீலம் இருந்தது. கருவிழியில் இரத்தக் குழாய் கிடையாது. ஆகவே அந்த அணுக்கள் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவை என்று முடிவு கட்டினார்.

இந்த முடிவு அவருடைய ஆசான் ருடால்ஃப் ஃபிர்ஹோவின் கொள்கைக்கு நேர் எதிரானது. ஒரு திசு புண்பட்டால் அந்தத் திசுவின் சொந்தச் செல்களே தூண்டப்பட்டுப் பெருகுகின்றன, கருவிழிச் சீழ் கருவிழிச் செல்களின் வாரிசு என்பது ஃபிர்ஹோவின் கட்சி. 1863இல் அவருடைய உதவியாளர் ரெக்லிங்ஹௌசன் கருவிழிக்குள் ஊர்ந்து திரியும் அணுக்களைப் பார்த்திருந்தார். அவை எங்கிருந்து வந்தன என்பதற்கான விடை கோன்ஹைமின் நீலச் சாயத்தில் கிடைத்தது. அழற்சியின் படை இரத்தத்திலிருந்து வருகிறது என்பது பாடநூல் ஆயிற்று. கருவிழியின் சொந்தச் செல்கள் போர்க்களத்து மண்ணைப் போல, மிதிபடுவதற்கு மட்டும் உரியவையாகக் கருதப்பட்டன.

கண் ஒவ்வாமை பற்றிய அறிவும் இதே பாதையில்தான் வளர்ந்தது. மாஸ்ட் செல், அது கொட்டும் ஹிஸ்டமின், ஈசினோஃபில் என்னும் வெள்ளணு என்று எல்லாக் கவனமும் இமையின் உட்புறத்தையும் விழியின் வெள்ளைப் பகுதியையும் மூடியிருக்கும் வெண்படலத்தின் மேல் குவிந்தது. கடந்த கால் நூற்றாண்டில்தான் பழைய கேள்வி வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது. படை வெளியிலிருந்து வருவது சரி. அதற்கு ஓலை அனுப்பியது யார்? கருவிழிச் செல்களின் சமிக்ஞைகளுக்கு இதில் எவ்வளவு பங்கு? இதுவரை கிடைத்த விடைகளை, விவாதம் தொடங்கிய ஜெர்மனியை மையமாக வைத்து, இக்கட்டுரை தொகுத்து எடைபோடுகிறது.

உலர்புல் சளி

ஜெர்மானியர் மகரந்த ஒவ்வாமையை 'ஹொய்ஷ்னுப்ஃபன்', அதாவது உலர்புல் சளி என்கிறார்கள். மூக்கின் பெயரால் அழைத்தாலும் பெரும்பாலோருக்குக் கண்ணும் சேர்ந்தே அரிக்கும், சிவக்கும், நீர் கோக்கும். நம் ஊரில் இதை 'மெட்ராஸ் ஐ' என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. மெட்ராஸ் ஐ கிருமியால் வருவது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும்; ஒவ்வாமை தொற்றாது.

ராபர்ட் கோக் நிறுவனம் 2008 முதல் 2011 வரை நாடு தழுவி நடத்திய உடல்நல ஆய்வில், வயதுவந்தோரில் 14.8 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் என்றேனும் இந்த நோய் மருத்துவரால் உறுதிசெய்யப்பட்டிருந்தது. ஜனவரி, பிப்ரவரியில் ஹேசலும் ஆல்டரும் தொடங்கிவைக்கும். ஏப்ரலில் பிர்ச் மரங்கள், மே முதல் ஜூலை வரை புற்கள். வானிலை அறிக்கையோடு மகரந்த அளவையும் சேர்த்துச் சொல்லும் நாடு அது. மகரந்தத் தகவலுக்கென்றே ஓர் அறக்கட்டளை 1983 முதல் அங்கு இயங்குகிறது.

நோயைப் புரிந்துகொண்ட வரலாற்றிலும் ஜெர்மன் மொழிக்குப் பெரிய இடம் உண்டு. கீஸன் நகரப் பேராசிரியர் ஃபிலிப் ஃபோபுஸ் 1859இல் மருத்துவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பித் தகவல் திரட்டி, 1862இல் இதைப் பற்றி முழு நூலே எழுதினார். 1876இல் பான் நகரின் தியோடோர் ஸேமிஷ் 'வசந்தகாலக் கண் அழற்சி'யை விவரித்தார். பருவந்தோறும் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கி, மேல் இமையின் உட்புறத்தில் கூழாங்கல் பரப்பியதுபோல் முடிச்சுகளை எழுப்பும் கடும் நோய் இது. ஜெர்மனியில் அரிது. தமிழ்நாட்டு வெயிலிலும் புழுதியிலும் கண் மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பது.

1878இல் பால் ஏர்லிக், சாயமேற்றும் முறைகள் பற்றிய தம் லைப்சிக் முனைவர் ஆய்வேட்டில், துகள் நிறைந்த ஒருவகைச் செல்லுக்கு 'மாஸ்ட்ஸெல்', நன்றாக ஊட்டப்பட்ட செல், என்று பெயரிட்டார். மறு ஆண்டே ஈசினோஃபிலையும் அடையாளம் காட்டினார். மாணவப் பருவத்தில் பிரெஸ்லாவில் இதே கோன்ஹைமிடம் பயின்றவர் அவர். 1903 வாக்கில் ஹாம்பர்க் சுகாதார நிறுவனத்தின் டன்பார் மகரந்தப் புரதத்துக்கு எதிராகக் குதிரையின் சீரத்தை எடுத்து, 'பொலன்டின்' என்ற பெயரில் கண்ணிலும் மூக்கிலும் இட்டுப் பார்த்தார். 1906இல் வியன்னாவின் கிளெமன்ஸ் ஃபான் பிர்கே மியூனிக் மருத்துவ வார இதழில் 'அலர்ஜி' என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார். 1921இல் பிரெஸ்லாவில் பிரவுஸ்னிட்ஸ், மீன் ஒத்துக்கொள்ளாத தம் சகா க்யூஸ்ட்னரின் சீரத்தைத் தம் தோலில் ஏற்றி, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தித் தடிப்பை வரவழைத்தார். இரத்தத்தில் ஏதோ ஒன்று ஒவ்வாமையைச் சுமக்கிறது என்பது உறுதியானது. அந்த ஏதோ ஒன்று ஐ.ஜி.ஈ எனும் எதிர்பொருள் என்பது 1960களின் பிற்பகுதியில் தெளிந்தது.

இந்த வரிசையில் ஒவ்வொன்றும் கோன்ஹைம் கட்சிக்கே வலுச் சேர்த்தது. மாஸ்ட் செல்லின் மேல் ஐ.ஜி.ஈ ஒட்டியிருக்கிறது, மகரந்தப் புரதம் அதைத் தொடுகிறது, ஹிஸ்டமின் கொட்டுகிறது, கண் அரிக்கிறது. சில நிமிடங்களில் முடியும் இந்தக் கதையில் கருவிழிக்கு வேலையே இல்லை.

அரை மில்லிமீட்டர்க் கண்ணாடி

ஆனால் கடுமையான நோயாளிகளின் பார்வையைப் பறிப்பது கருவிழிதான். மையத்தில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமுள்ள அந்தக் கண்ணாடிப் படலத்தின் மேல்புறத்தில் ஐந்தாறு வரிசைச் செல்கள் நெருக்கமாகத் தைத்த துணிபோல் அடுக்கியிருக்கின்றன. நடுப்பகுதி கொலாஜன் இழைகளால் ஆனது. அவற்றுக்கிடையே கெரட்டோசைட் என்னும் செல்கள் தூவினாற்போல் கிடக்கின்றன. ஃபிர்ஹோவும் கோன்ஹைமும் வழக்காடியது இவற்றைப் பற்றித்தான். இரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் இல்லை. மையப் பகுதியில் மாஸ்ட் செல்லும் இல்லை. நரம்பு நுனிகளோ தோலைவிடப் பல நூறு மடங்கு நெருக்கம்.

மாஸ்ட் செல்லின் காவல் இல்லாத இந்த இடத்தில் ஒவ்வாமை ஏன் இவ்வளவு சேதம் செய்கிறது? இதற்குக் கிடைத்துள்ள விடைகளை நான்காகப் பிரிக்கலாம்: மேலடுக்குச் செல்களின் எச்சரிக்கை, நடு அடுக்குச் செல்களின் அழைப்பு, நரம்பும் அயனிக் கால்வாய்களும், புதிதாக முளைக்கும் நிணநீர்ப் பாதை.

முதல் ஓலை: மேலடுக்கு

1980களில் ட்யூபிங்கனில் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் பழ ஈக்களின் கருவளர்ச்சியை ஆராய்ந்தபோது உருக்குலைந்த ஒரு கருவைக் கண்டு வியந்து 'டோல்!' என்றாராம். ஜெர்மனில் 'அபாரம்' என்று பொருள். 1985இல் அந்த மரபணு விரிவாக விவரிக்கப்பட்டபோது அதற்கு டோல் என்பதே பெயர். பத்தாண்டு கழித்து ஸ்ட்ராஸ்பர்கில் ஜூல் ஹாஃப்மன் அதே மரபணு ஈயைப் பூஞ்சையிடமிருந்து காப்பதைக் காட்டினார். பிறகு மனித உடலிலும் டோல் போன்ற ஏற்பிகள் வரிசையாகக் கண்டறியப்பட்டன. கிருமியின் பொது அடையாளங்களைத் தொட்டுணரும் காவல் மணிகள் அவை.

கருவிழியின் மேலடுக்குச் செல்களிலும் அந்த மணிகள் உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டனில் தே-குவான் லீயின் குழு 2009இல் மனிதக் கருவிழிச் செல்களை வளர்ப்புத் தட்டில் வைத்துக் கிருமிக் கூறுகளால் தூண்டியபோது, அவை டி.எஸ்.எல்.பி என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்தன. இந்தப் புரதத்தைப் பெற்ற டென்ட்ரைட்டிக் செல் (அயல்பொருளை எடுத்துக் காட்டும் தூதுச் செல்), டி-செல்கள் என்னும் வெள்ளணுக்களை ஒவ்வாமைப் பக்கம் திருப்பிவிடும். 2011இல் அதே குழு, ராக்வீட் என்னும் களைச்செடியின் மகரந்தமே நான்காம் எண் டோல் ஏற்பி வழியாக இந்த மணியை அடிக்கிறது என்று எலிகளிலும் செல்களிலும் காட்டியது. இன்டர்லூகின்-33 என்ற இன்னொரு எச்சரிக்கைப் புரதமும் இதே வழியில் எழுகிறது. செல்லின் உட்கருவுக்குள் பதுங்கியிருக்கும் இது, செல் காயம்பட்டால் வெளியே கொட்டும். கண்ணைக் கசக்கும்போது நாம் செய்வது இந்தக் காயத்தைத்தான். வட அமெரிக்கச் செடியான ராக்வீட் இன்று ஜெர்மனியின் பிராண்டன்பர்க் மாநிலத்து லவுசிட்ஸ் வட்டாரத்தில் வேரூன்றிவிட்டதால் இந்த ஆய்வு அங்கும் அந்நியமானதல்ல.

மகரந்தத்தையே வேறு கோணத்தில் பார்த்தது மியூனிக். ஹைட்ரூன் பேரென்ட், கிளௌடியா ட்ரைடல்-ஹாஃப்மன் குழுவினர், ஈரத்தில் விழுந்த மகரந்தம் புரதத்தை மட்டுமல்லாமல் கொழுப்பு வகைச் சமிக்ஞைப் பொருள்களையும் வெளியிடுகிறது என்று கண்டனர். அவை வெள்ளணுக்களை ஈர்க்கும். டென்ட்ரைட்டிக் செல்லை ஒவ்வாமைப் பக்கம் சாய்க்கும் என்பதை 2005இல் காட்டினர். ஆக மகரந்தம் வெறும் அடையாள அட்டையாகக் கண்ணில் விழுவதில்லை. கையோடு தீக்குச்சியையும் கொண்டுவருகிறது.

இரண்டாம் ஓலை: நடு அடுக்கு

வெள்ளணுக்கள் ஏன் குறிப்பிட்ட இடத்துக்கு நகர்கின்றன என்ற கேள்விக்கும் கருவிழியே முதல் சோதனைக்களம். 1888இல் கியோட்டிங்கன் கண் மருத்துவர் தியோடோர் லேபர், முயலின் கருவிழியில் பூஞ்சையை ஏற்றி, வெள்ளணுக்கள் அதை நோக்கித் திரள்வதைக் கண்டு, ஏதோ ஒரு வேதிப்பொருள் அவற்றை இழுக்கிறது என்றார். நூறாண்டு கழித்து, 1987இல், கீல் நகரில் ஷ்ரோடர், கிறிஸ்டோஃபர்ஸ் குழுவும் சுவிட்சர்லாந்தின் பெர்ன் குழுவும் அப்படிப்பட்ட ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தன. இன்று அதை இன்டர்லூகின்-8 என்கிறோம். அதன் உறவுக்காரர்களுக்கெல்லாம் கீமோகைன் என்று பெயர்.

ஈசினோஃபிலை இழுக்கும் கீமோகைன் ஈயோடாக்சின். ஜப்பானின் யமகுச்சி பல்கலைக்கழகத்தில் நிஷிதா, குமகாய், ஃபுகுதா ஆகியோர் 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் செய்த சோதனைகள் இங்கே திருப்புமுனை. கடும் ஒவ்வாமைக்காரரின் கண்ணீரில் இன்டர்லூகின்-4, 13 ஆகியவை நிறைந்திருக்கும். இவற்றைக் கருவிழியின் மேலடுக்குச் செல்கள்மேல் ஊற்றினால் ஈயோடாக்சின் வருவதில்லை. நடு அடுக்குச் செல்கள்மேல் ஊற்றினால் தாராளமாக வருகிறது. டி-செல்களை அழைக்கும் டார்க் என்ற கீமோகைனும் கூடவே வருகிறது.

இதன் பொருள் பெரிது. மேலடுக்கு முழுதாக இருக்கும்வரை கண்ணீரில் எவ்வளவு நஞ்சு மிதந்தாலும் கீழே இருப்பவர்களுக்குச் செய்தி போகாது. அடுக்கில் ஓட்டை விழுந்த கணத்தில் கெரட்டோசைட் விழித்துக்கொண்டு ஈசினோஃபிலுக்கு ஓலை விடுகிறது. வந்த ஈசினோஃபில் தன் துகளிலிருந்து கொட்டும் காரப் புரதம் மேலடுக்கை மேலும் அரிக்கிறது, ஓட்டை பெரிதாகிறது, ஓலைகள் கூடுகின்றன. வசந்தகால அழற்சியில் கருவிழியின் மேற்பகுதியில் விழும் கேடயப் புண் எளிதில் ஆறாமல் இழுத்தடிப்பதற்கு இந்தச் சுழலே ஏற்கத்தக்க விளக்கம்.

மிளகாயும் நரம்பும்

மிளகாய் நறுக்கிய கையோடு கண்ணைத் தொட்டவருக்கு டி.ஆர்.பி.வி.1 என்ற கால்வாயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மிளகாயின் காரமான கேப்சைசின் பற்றிக்கொள்வது அதைத்தான். டேவிட் ஜூலியஸ் 1997இல் கண்டறிந்து, 2021இல் நோபல் பெற்றதும் இதற்குத்தான். நரம்பில் மட்டும் இருப்பதாக எண்ணப்பட்ட இந்தக் கால்வாய் கருவிழிச் செல்களிலும் இயங்குவதை பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையின் ஷ்டெஃபான் மெர்க்லர், ஊவே ப்ளையர் குழுவினர் தொடர்ந்து ஆராய்ந்துவருகிறார்கள். நியூயார்க்கின் பீட்டர் ரைனாக் குழுவோடு மெர்க்லரும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, கால்வாய் திறந்ததும் செல்லுக்குள் கால்சியம் புகுந்து, இன்டர்லூகின்-6, 8 ஆகிய அழற்சிப் புரதங்கள் வெளியாகின்றன. நரம்பு எரிச்சலை உணரும் அதே நொடியில் மேலடுக்குச் செல்லும் ஓலை எழுதத் தொடங்குகிறது என்று சொல்லலாம். குளிர்ச்சியை உணரும் டி.ஆர்.பி.எம்.8 என்ற உறவுக் கால்வாயைத் தூண்டினால் காரக் கால்வாயின் துடிப்பு தணிவதையும் பெர்லின் குழு செல்களில் கண்டது. குளிர்ந்த துணியைக் கண்மேல் வைக்கும் பாட்டி வைத்தியத்துக்கு இது ஒரு பக்க பலம்.

இந்த ஆய்வுகள் நடக்கும் வளாகத்தின் பெயர் ஃபிர்ஹோ வளாகம். தோற்றவரின் பெயர் தாங்கிய இடத்தில் அவருடைய கட்சிக்குச் சாட்சியம் சேர்கிறது.

முளைக்கும் பாதை

ஓலை போனால் மட்டும் போதாது, பாதையும் வேண்டும். கொலோன் பல்கலைக்கழகத்தின் கிளவுஸ் குர்ஸீஃபன் குழு, கருவிழிக்குள் இரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் எப்படித் தடுக்கப்படுகின்றன, அழற்சியில் எப்படி முளைக்கின்றன என்பதை நெடுங்காலமாக ஆராய்கிறது. அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து அக்குழு 2015இல் வெளியிட்ட எலி ஆய்வில், கண் ஒவ்வாமை மூண்டபோது கருவிழிக்குள் நிணநீர்க் குழாய்கள் முளைத்தன. முளைப்பதை மருந்தால் தடுத்தபோது ஒவ்வாமையும் தணிந்தது. ஒவ்வாமைப் பொருளைச் சுமந்துகொண்டு நிணநீர்க் கணுவுக்குச் செல்லும் செல்களுக்கு அந்தக் குழாய்களே வண்டிப்பாதை. ஒவ்வாமை கொண்ட எலிகள் மாற்றுக் கருவிழியை அதிகமாக நிராகரிக்கின்றன என்று ஜெரி நீடர்கார்ன் டெக்ஸாஸில் கண்டதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்தானம் பெறுபவருக்கு ஒவ்வாமை இருந்தால் மருத்துவர் கூடுதலாக எச்சரிக்கை கொள்வது வீண் பயமல்ல.

மறுப்புகளின் எடை

எதிர்ச்சாட்சிகளும் வலுவானவை. கியோட்டோவின் மயூமி உவேதா, கினோஷிதா ஆகியோர் 2004இல், ஆரோக்கியமான கருவிழிச் செல்களில் டோல் ஏற்பிகள் செல்லின் வெளிப்புறத்தில் இல்லை, உள்ளே ஒளிந்துள்ளன, எனவே பாக்டீரியக் கூறு பட்டாலும் அவை வாய் திறப்பதில்லை என்றனர். நாள் முழுதும் தூசியும் கிருமியும் படும் இடம் எதற்கெடுத்தாலும் மணி அடித்தால் பார்வை என்னாவது? இந்த மௌனம் ஹூஸ்டன் முடிவோடு முரண்படுவதாகத் தோன்றும். கிருமிக் கூறும் மகரந்தமும் வேறுவேறு. வளர்ப்புத் தட்டுச் செல்லும் கண்ணில் கண்ணீரும் சளிப்படலமும் போர்த்திய செல்லும் வேறுவேறு. மௌனம் ஆரோக்கிய நிலை, காயம் அதைக் கலைக்கிறது என்று இரண்டையும் இணைத்துப் படிப்பதே பொருத்தம்.

அடுத்த மறுப்பு எளிய நோயிலிருந்து வருகிறது. மகரந்தப் பருவத்தில் மட்டும் அரித்து ஓயும் சாதாரண ஒவ்வாமையில் கருவிழி பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். அங்கே பழைய மாஸ்ட் செல் கதையே போதும். கருவிழியின் பங்கை எல்லாக் கண் அரிப்புக்கும் நீட்டுவது மிகை.

மூன்றாவது, ஒரு மருந்து கற்பித்த பாடம். இன்டர்லூகின்-4, 13 இரண்டின் ஏற்பியையும் அடைக்கும் டுபிலுமாப் 2017இல் ஐரோப்பாவில் கரப்பான் நோய்க்கு அனுமதி பெற்றது. மேலே சொன்ன கணக்குப்படி கண்ணும் குணமாக வேண்டும். ஆனால் அந்த நோயாளிகளில் பலருக்குப் புதிதாகக் கண் அழற்சி வந்தது. மியூனிக்கின் ஆந்திரேயாஸ் வோலன்பெர்க் முதலியோர் 2018இல் இதை விரிவாகப் பதிவுசெய்தனர். வெண்படலத்தின் சளிச் செல்களுக்கு இன்டர்லூகின்-13 ஊட்டம் என்பது முன்வைக்கப்படும் ஒரு விளக்கம். ஒரே சமிக்ஞை ஓரிடத்தில் தீ, ஓரிடத்தில் நீர். ஒன்றை அடைத்தால் எல்லாம் தீரும் என்று எண்ணியவர்களுக்கு இது நல்ல கடிவாளம்.

மணியின் பழக்கம்

ஜெர்மனி மறுபடி இணைந்தபோது மருத்துவர் எரிக்கா ஃபான் மூட்டியுஸ் மேற்கின் மியூனிக், கிழக்கின் லைப்சிக் குழந்தைகளை ஒப்பிட்டார். புகை மண்டிய கிழக்கில் ஒவ்வாமை அதிகம் இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. கண்டது நேர்மாறு: மேற்கில்தான் உலர்புல் சளி அதிகம். சில ஆண்டுகளில் லைப்சிக் குழந்தைகளிடமும் அது கூடியது. மாட்டுத் தொழுவத்தில் வளரும் பவேரியக் குழந்தைகளுக்கு ஒவ்வாமை குறைவு என்பதும் தொடர் ஆய்வுகளில் தெரிந்தது. காரணத்தின் ஒரு முனையை 2015இல் பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆய்வாளர்கள் பிடித்தனர். தொழுவத் தூசு அடிக்கடி படும்போது நுரையீரலின் மேலடுக்குச் செல்களில் ஏ20 என்ற புரதம் கூடி, மணியின் ஓசையைத் தணிக்கிறது. அது நுரையீரலில் கண்டது, கருவிழிக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஒவ்வாமை வருமா வராதா என்ற முடிவில் மேலடுக்குச் செல்லுக்கும் வாக்குரிமை உண்டு என்பதை அது நிறுவுகிறது.

மருந்துக் கடை வரை

ஹிஸ்டமினைத் தடுக்கும் சொட்டு மருந்து முதல் சில நிமிடக் கதைக்குச் சரியான மருந்து. கெரட்டோசைட்டின் ஓலையை அது நிறுத்தாது. டி-செல்களை அடக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து ஒன்று, கடும் வசந்தகால அழற்சி உள்ள 4 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கென 2018இல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. டி.எஸ்.எல்.பியை அடைக்கும் டெசெபெலுமாப் ஆஸ்துமாவுக்கு வந்துவிட்டது. மேலடுக்கைக் காப்பதே சிகிச்சை என்ற எண்ணமும் வலுப்பெறுகிறது. சொட்டு மருந்துகளில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு அந்த அடுக்கையே சிதைக்கும் என்பதால், அது இல்லாத புட்டிகள் ஜெர்மன் கடைகளில் சாதாரணமாகிவிட்டன. உப்பு ஏரிப் பாக்டீரியத்தில் 1985இல் பான் நகரின் எர்வின் கலின்ஸ்கி குழு கண்ட எக்டோயின் என்ற பொருளும் இப்போது கண் சொட்டு மருந்தாக அங்கே விற்பனையில் இருக்கிறது.

ஸ்டீராய்டு எல்லா ஓலைகளையும் ஒரேயடியாக நிறுத்தும். அதனால்தான் அது ஆபத்தும். மருத்துவர் கண்காணிப்பில்லாமல் மாதக்கணக்கில் இட்டால் கண் அழுத்தம் ஏறும், புரை விழும். ஜெர்மனியில் மருந்துச் சீட்டின்றி அது கிடைக்காது. நம் ஊரில் சட்டம் அப்படித்தான், நடப்பு வேறு. அரிப்பு உடனே அடங்குவதைக் கண்ட பெற்றோர் பழைய சீட்டைக் காட்டி மறுபடி மறுபடி வாங்குகிறார்கள். ஒவ்வாமைக்காகச் சிகிச்சைக்கு வந்த சிறுவன், கண் அழுத்த நோயாளியாகத் திரும்பும் அவலம் இப்படித்தான் நேர்கிறது.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் 1867இன் வழக்குக்கு இரு தரப்புக்கும் பாதி பாதியாகத் தீர்ப்பெழுதலாம். படை வெளியிலிருந்து வருகிறது. கோன்ஹைம் சொன்னது சரி. கருவிழிச் செல்கள் வேடிக்கை பார்ப்பதில்லை. அந்த அளவில் ஃபிர்ஹோ சரி. எளிய ஒவ்வாமையில் அவற்றின் பங்கு சிறிது, கடும் நோயில் அவையே நோயை நீட்டிப்பவை. இரண்டுக்கும் நடுவே நிற்பது ஐந்தாறு வரிசைச் செல்களாலான அந்த மேலடுக்கு. கண் அரித்தால் கசக்காதீர்கள். குளிர்ந்த நீரால் கழுவுங்கள், துணியை நனைத்து ஒற்றுங்கள். குழந்தையின் கண் வெளிச்சத்துக்குக் கூசினாலோ பார்வை மங்கினாலோ மருந்துக் கடைக்குப் போகாமல் நேரே கண் மருத்துவரிடம் போங்கள்.